வழியில் நின்றால்

“மூச்சை விட்டுடாத,” என்றது இன்ஜின்.

“விடலை,” என்றது முன்பக்கத்து இடது டயர். பேசினால் காற்று போய்விடுமோ என்ற பயத்தில் அதற்கு மேல் அது வாய் திறக்கவில்லை.

கார் அப்போதுதான் பழைய வண்டிகள் விற்கும் யார்டின் வாசலைத் தாண்டித் தார்ச்சாலையில் ஏறியிருந்தது. வாசல் மேட்டில் கிடந்த ஓர் ஆணி இடது டயருக்குள் தலைவரை இறங்கிவிட்டது. ஆணி உள்ளே இருக்கும்வரை அதுவே அந்த ஓட்டைக்கு அடைப்பு. டயர் தன் ரப்பரை இறுக்கி ஆணியைப் பிடித்துக்கொண்டு உருண்டது.

“எனக்கு ஒண்ணும் அவசரமில்லை,” என்றது ஆணி. “எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருக்கேன். இதுவரைக்கும் என்னை யாரும் இப்படிக் கட்டிப் பிடிச்சதில்லை.”

அது ஒரு சின்னக் கார். பழையது. சாயங்காலத்துக்குள் விற்காவிட்டால் காயலான் கடை லாரியை வரச் சொல்லியிருப்பதாக, யார்டுக்காரர் ஜெயசிங் காலையில் பானெட்டில் சாய்ந்தபடி யாரிடமோ போனில் பேசினார். பானெட் கேட்டு எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டது. அதிலிருந்து வண்டிக்குள் ஒரு போல்ட்டுகூட நிம்மதியாக இல்லை.

ஓட்டிக்கொண்டிருந்தவள் கோமதி. லைசென்ஸ் வாங்கி அதிக நாளாகவில்லை. பக்கத்தில் அவள் கணவன் சங்கிலி, முழங்கால்களுக்கு நடுவே ஊன்றுகோலை நிறுத்திப் பிடித்திருந்தான். பின்சீட்டில் ஜெயசிங் இரண்டு பேருக்கும் நடுவில் தலையை நீட்டிக்கொண்டு வந்தார்.

“டாக்டர் வண்டி தங்கச்சி. பல் டாக்டர். வீடு விட்டா கிளினிக், கிளினிக் விட்டா வீடு. அவ்வளவுதான் ஓடியிருக்கு.”

“பல் டாக்டர் வண்டியில ஏன் அண்ணாச்சி கோழி வாடை அடிக்குது?”

ஹாரனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷமும் அந்த வண்டியை வைத்திருந்தவர் கோழித் தீவன வியாபாரி. “நான் வேணா சொல்லிடட்டுமா?” என்றது.

“வாயை மூடு,” என்றது இன்ஜின்.

“அவரு அசைவம் தங்கச்சி,” என்றார் ஜெயசிங்.

கோமதி ஓட்டிக்கொண்டே வண்டியை எடைபோட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு மனதுக்குள் கணக்குப் போடத் தெரியாது, எல்லாம் வாய்விட்டுத்தான். அவள் சொல்லச் சொல்ல, யார் பெயர் வருகிறதோ அது வெடவெடத்துக் கேட்டது.

“ஏசி இல்ல. சரி, ஜன்னல் இருக்கு.” ஜன்னல் கண்ணாடி நிமிர்ந்து உட்கார்ந்தது. “ரெண்டாவது கியர் இடறுது. நானுந்தான் இடறுதேன், ரெண்டு பேரும் பழகிக்கிடுவோம். சீட்டு கிழிசல், அதை நானே தைச்சிருவேன். பெட்ரோல் கொஞ்சமாத்தான் குடிக்குமாம். சின்ன வண்டி, நம்ம தெருவுல திரும்பிரும்.” பிறகு குனிந்து பார்த்தாள். “ஏங்க, காலுக்குக் கீழ ரோடு தெரியுது.”

தரைத்தகடு கூசிப்போயிற்று. துரு தின்ற ஓட்டை அது. ரப்பர் விரிப்பு எப்போதும் அதை மூடிக்கொண்டிருக்கும். இன்று பார்த்து விலகியிருந்தது.

“அது காத்தோட்டத்துக்கு,” என்றார் ஜெயசிங்.

கோமதி சிரித்துவிட்டாள். சங்கிலி சிரிக்கவில்லை.

அவன் மின்வாரியத்தில் லைன்மேன். போன ஆடிக் காற்றில் கம்பத்தின் உச்சியிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. இனிமேல் கம்பம் ஏற முடியாது என்பதால், பக்கத்து ஊர் ஆபீசில் உட்கார்ந்து பார்க்கும் வேலை போட்டிருந்தார்கள். வருகிற திங்கட்கிழமை அவன் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்கு. பஸ் படி அவனுக்கு எட்டாது. தினமும் ஆட்டோ கட்டுபடியாகாது. அதனால்தான் இந்த வண்டி.

ஆனால் படி மட்டும் அல்ல காரணம். வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு அவன் நிற்பான், நடக்கவும் செய்வான். வாசலுக்கு வெளியே மட்டும் கால் வைக்க மாட்டான். அண்ணாந்து பார்த்தவர்கள் எல்லாம் இனிக் குனிந்து பார்ப்பார்கள் என்று அவனுக்கு இருந்தது. கேட்டால் வலிக்குது என்பான். வலி இல்லை என்று கோமதிக்குத் தெரியும். இன்றும் வீட்டு வாசலில் ஆட்டோவை ஒட்டி நிறுத்தி, யார்டில் காரோடு ஆட்டோவை ஒட்டி நிறுத்தி, மண்ணில் கால் படாமல்தான் அவனைக் கொண்டுவந்து உட்கார வைத்திருந்தாள்.

யார்டிலிருந்து கிளம்பியதிலிருந்து வாய் திறக்காதவன் இப்போது கேட்டான்.

“வழியில நின்னுட்டா?”

“நிக்காது தம்பி,” என்றார் ஜெயசிங். “நிக்கவே நிக்காது.”

“நின்னுட்டா என்ன பண்ணுறது அண்ணாச்சி? இவ ஒருத்தி. என்னால எறங்கித் தள்ள முடியுமா? போறவன் வாறவன் எல்லாம் வேடிக்கை பாக்க, நடுரோட்டுல நான் உள்ள உக்காந்துக்கிட்டு…” என்றவன் கோமதியின் பக்கம் திரும்பினான். “வேண்டாம் கோமதி. திருப்பு.”

“போய்த்தான் திருப்பணும். இங்க இடமில்ல,” என்றாள் கோமதி. குரலில் ஒன்றுமில்லை. ஸ்டீரிங் மட்டும் அவள் கை இறுகியதை உணர்ந்தது.

“யாராவது பதில் சொல்லுங்கப்பா,” என்றது ஹாரன்.

இன்ஜின் தன்னை ஒருமுறை உள்ளே பார்த்துக்கொண்டது. மேட்டில் அது நின்றிருக்கிறது. வெயிலில் நின்றிருக்கிறது. பேட்டரியும் அப்படித்தான். நிற்க மாட்டேன் என்று மனதறிந்து சொல்லக்கூடியது அந்த வண்டியில் ஒன்றுகூட இல்லை.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. “அவரு என்னைத்தான் கேக்குறாரு.”

டிக்கிக்குள், விரிப்புக்கு அடியில், குழியில் படுத்திருந்த ஸ்டெப்னி அது.

தீவன வியாபாரி ஒரு தடவை டயர் மாற்றியபோது ஐந்தாக வாங்கினார். நான்கு சாலைக்குப் போயின. ஐந்தாவது குழிக்குப் போயிற்று. நான்கும் தேய்ந்து வழுக்கையாகிவிட்டன. ஸ்டெப்னியின் மேலோ, புது டயருக்கு இருக்கும் மெல்லிய ரப்பர் முடிகள்கூட இன்னும் உதிரவில்லை. அது ஒரு தடவையும் தரையைத் தொட்டதில்லை. சாலையை அது காதால்தான் அறியும். வண்டி வந்து நின்றதும், “இன்னைக்கு எப்படி இருந்துச்சு?” என்று மற்ற டயர்களைக் கேட்கும். “சூடு,” என்பார்கள். இல்லாவிட்டால், “மழை. வழுக்கல்.” அவ்வளவுதான் பதில். சாலை என்பது முடிவே இல்லாமல் படுத்திருக்கும் ஏதோ ஒரு பெரிய உயிர் என்றும், நான்கு பேரும் அதன் முதுகில் ஓடுகிறார்கள் என்றும், அது புரண்டு படுக்காமல் இருப்பது அதன் பெருந்தன்மை என்றும் ஸ்டெப்னி நினைத்துக்கொண்டிருந்தது.

“உன்னையா?” என்றது இன்ஜின். “உன்னை எவன் கேக்கப் போறான்?”

“நீங்க எல்லாம் ஓடுறதுக்காக இருக்கீங்க. நின்னுட்டா என்ன பண்ணுறதுன்னு கேட்டா, இந்த வண்டியில அதுக்குன்னு இருக்கிறது நான் ஒருத்தன்தானே.” பிறகு கொஞ்சம் தயங்கியது. “இடது, நீ விட்டுடு. நான் இருக்கேன்.”

“டேய்,” என்று இன்ஜின் உறுமியது. கோமதி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள். “இங்க பாரு. யார்டுக்குத் திரும்புற வரைக்கும் பிடிச்சிக்கிட்டா போதும். அண்ணாச்சி பேசியே வித்துருவாரு. அப்புறம் விடட்டும்.”

“அப்புறம்னா எப்ப?” என்றது இடது டயர். பேசியதில் அதன் பக்கத்திலிருந்து மெல்லிய சீழ்க்கை கிளம்பியது. “திங்கக்கிழமை காலையில, இவரு ஆபீசுக்குப் போற வழியிலயா?”

இன்ஜின் ஸ்டெப்னியின் பக்கம் திரும்பியது.

“உனக்கென்ன. நீ புதுசு. எங்களை உடைச்சாலும் உன்னை மட்டும் தனியா எடுத்து நல்ல வண்டிக்கு வித்துருவாங்க. பேசுறதுக்கு உனக்கு நோகுமா?”

அது உண்மை. ஸ்டெப்னிக்கும் தெரியும்.

“பயமா இல்லையா உனக்கு?” என்று கேட்டது இடது டயர்.

“இருக்கு,” என்றது ஸ்டெப்னி.

இடது டயர் தன் பிடியை விட்டது.

“அப்ப நான் வாறேன்,” என்றது ஆணி. தார்ச்சாலையில் அது விழுந்த சத்தம் சின்னதாகக் கேட்டது. பின்சீட்டில் ஜெயசிங் கண்ணை மூடிக்கொண்டார்.

கோமதி வண்டியைச் சாலையோரச் சரளையில் இறக்கி நிறுத்தினாள். கயத்தாறுக்கு முன்னால் உள்ள பொட்டல் அது. இரண்டு பக்கமும் கரிசல், அதன்மேல் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள்.

“நிக்காதுன்னீங்க,” என்றாள்.

“வண்டி நிக்கலியே தங்கச்சி. டயர்தானே நின்னுச்சு,” என்றார் ஜெயசிங். சொன்ன பிறகு அவருக்கே தாங்கவில்லை போலிருக்கிறது. இறங்கிப்போய் டிக்கியை அவரே திறந்தார்.

விரிப்பு விலகியதும் ஸ்டெப்னியின் மேல் வெளிச்சம் விழுந்தது. இவ்வளவு மேலே வானம் இருக்கும் என்று அதனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. கோமதி குனிந்து அதன் முடிகளை விரலால் வருடினாள். “இது தரையையே தொடல போல.”

“அதைத்தான் நான் அப்பவே சொல்ல வந்தேன்,” என்றார் ஜெயசிங்.

அவருக்கு முதுகில் டிஸ்க் பிரச்சினை. கோமதியே ஸ்டெப்னியை இறக்கி உருட்டிக்கொண்டு வந்து, சங்கிலியின் கதவுக்குப் பின்னால் வண்டியில் சாய்த்து வைத்தாள். ஜாக்கியை எடுத்தாள். இடது சக்கரத்தில் ஸ்பேனரை மாட்டி, அதன்மேல் ஒரு காலால் ஏறி நின்று மிதித்தாள். நட்டு அசையவில்லை.

“தம்பி எறங்கிட்டா நல்லது,” என்றார் ஜெயசிங். “ஆள் உள்ள இருந்தா ஜாக்கி வழுக்கும்.”

சங்கிலி நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு மினிபஸ் வேகம் குறைத்துப் போனது. ஜன்னலோரத் தலைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அவன் முகத்தைத் தாழ்த்திக்கொண்டான்.

கோமதி அவனைக் கூப்பிடவில்லை. மறுபடி ஸ்பேனரில் ஏறினாள். கால் வழுக்கிச் சரளையில் கையை ஊன்றி விழுந்தாள். எழுந்து, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, மறுபடி ஏறினாள். அவன் ஜன்னலில் அவள் தலை தெரிந்தது, இறங்கியது, தெரிந்தது. நட்டு கறகறவென்று ஒரு சத்தத்தோடு திரும்பியது.

கதவு திறந்தது.

முதலில் ஊன்றுகோல் வெளியே வந்தது. பிறகு ஒரு கால். அந்தக் கால் சரளையைத் தொட்டு, பின்வாங்கி, மறுபடி தொட்டது. கதவின் கீல்கள் அவன் எடையை வாங்கிக்கொண்டு முனகாமல் பல்லைக் கடித்தன. எழும்போது ஊன்றுகோல் சரளையில் சறுக்கி விழுந்தது. விழப்போனவன் இரண்டு கைகளையும் வீசி, கிடைத்ததைப் பிடித்தான்.

கிடைத்தது வண்டியின் கூரை.

யார்டிலிருந்து கிளம்பியதிலிருந்து நல்லதும் கெட்டதுமாகக் கோமதி எத்தனையோ சொல்லியிருந்தாள். கூரையைப் பற்றி அவள் ஒன்றுமே சொல்லவில்லை. பெயிண்ட் உரிந்து, வெயிலில் வெளுத்துக் கிடக்கும் தகடு அது. பெரிய வண்டியாக இருந்திருந்தால் முழங்கை ஊன்ற முடியாத உயரத்தில் இருந்திருக்கும். சின்ன வண்டி என்பதால் அவன் மார்பளவில் இருந்தது. முழங்கைகளை மடக்கி வைத்துச் சாய அளவெடுத்தது போல.

“ஒருத்தரு என்னைப் பிடிச்சிக்கிட்டு நிக்காரு,” என்றது கூரை. மிகவும் தாழ்ந்த குரலில், கலைந்துவிடுமோ என்பது போல.

“கனமா இருக்கா?” என்று கேட்டது கதவு.

“ரெண்டு முழங்கையும் ஊணியிருக்காரு. எடையெல்லாம் என் மேலதான்.”

கோமதி ஜாக்கியைச் சுற்றத் தொடங்கினாள். முன்பக்கம் மெல்ல எழும்பியது.

“தம்பி, சாயாதீங்க,” என்றார் ஜெயசிங். அவர் குரலில் வியாபாரம் இல்லை. “ஜாக்கி போட்டிருக்கு. சும்மா தொட்டுக்கிட்டா போதும்.”

“கையைத் தூக்குறாரு,” என்றது கூரை. “முழங்கை போயிருச்சு. உள்ளங்கை இருக்கு.” சங்கிலி இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தான். “இப்ப விரல் மட்டும்.”

இன்ஜின் அணைந்துதான் இருந்தது. ஆனாலும் அது இன்னும் கொஞ்சம் அடங்கியது.

“வழியில நின்னுட்டாரு,” என்றது ஹாரன்.

யாரும் சிரிக்கவில்லை. அதுவும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

“இதைப் பிடிங்க,” என்று கோமதி நிமிர்ந்து பார்க்காமலே கையை மேலே நீட்டினாள். கழற்றிய நட்டுகள். சங்கிலி ஒரு கையைக் கூரையிலிருந்து எடுத்து அவற்றை வாங்கிக்கொண்டான். மற்றக் கையின் விரல்நுனிகள் தகட்டில் இருந்தன. ஒரு லாரி கடந்து போனது. அதன் காற்று அவன் சட்டையை அடித்தது. அவன் நின்றான்.

பிறகு தலையைத் தூக்கினான். கம்பங்கள் பொட்டலைக் குறுக்கே கடந்து போய்க்கொண்டிருந்தன. அவன் பார்வை கம்பம் கம்பமாகத் தாவியது.

“அந்தா அந்தக் கம்பத்துல கம்பியைத் தாங்குற பீங்கான் விரிசல் விட்டிருக்கு. மழை வந்தா கம்பி அறுந்து விழும்.”

“ஆபீசுல போய்ச் சொல்லுங்க,” என்றாள் கோமதி, சக்கரத்தை இழுத்துக்கொண்டே.

ஸ்டெப்னி அச்சில் ஏறியது. நட்டுகளை அவன் ஒவ்வொன்றாகக் கொடுக்க அவள் மாட்டினாள். ஜாக்கி இறங்கத் தொடங்கியது.

முதலில் ஸ்டெப்னியின் ஒரு முடி சரளையைத் தொட்டது. அதற்குள்ளாகவே அதற்குப் போதும் போலிருந்தது. பிறகு எடை வந்தது. இன்ஜினின் எடை, சீட்டுகளின் எடை, கதவுகளின் எடை, எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக அதன்மேல் இறங்கின. நசுங்கிவிடுவோம் என்று அது நினைத்த கணத்தில் அடியிலிருந்து ஏதோ ஒன்று அதைத் தாங்கியது. மேலே எவ்வளவு கனமோ அவ்வளவு வலுவாக, கீழேயிருந்து. வண்டி மறுபடி தாரில் ஏறியபோதும் அது விடவில்லை. ஸ்டெப்னி ஒவ்வொரு அங்குலம் உருண்டபோதும், அந்த அங்குலத்தில் அது முன்னாலேயே வந்து காத்திருந்தது.

“திரும்பத் தாங்குதே,” என்றது ஸ்டெப்னி. “இதை ஏன் யாருமே சொல்லல?”

“மறந்து போச்சு,” என்றது பின்பக்கத்து வலது.

ரப்பர் முடிகள் சாலையில் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. டிக்கிக் குழியில் பஞ்சரான டயர், “இருட்டா இருக்கே,” என்றது. “பழகிரும்,” என்றது ஜாக்கி.

வண்டி திரும்பி வந்தபோது யார்டு வாசலில் லாரி நின்றிருந்தது. அதன் தொட்டியில் ஏற்கெனவே இரண்டு கதவுகளும் ஒரு மூக்கு நசுங்கிய பானெட்டும் கிடந்தன. டிரைவர் பீடி குடித்துக்கொண்டிருந்தான். இன்ஜின் ஒருமுறை இடறியது.

கோமதி வண்டியை நிறுத்தினாள். இறங்கவில்லை. அவள் கணக்கு முடிந்துவிட்டது. சங்கிலி சொல்வதற்காகக் காத்திருந்தாள். ஜெயசிங்கும் பின்னால் வாயைத் திறக்கவில்லை. அவருக்கு அது பெரிய காரியம்.

சங்கிலி நட்டுக் கறை படிந்த தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“திங்கக்கிழமை ஆபீஸ் வாசல்ல ஒட்டி நிறுத்துவியா?”

“ஒட்டியே நிறுத்துதேன்.”

“வேண்டாம். கொஞ்சம் தள்ளியே நிறுத்து.”

கோமதி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெயசிங் இறங்கிப்போய் லாரி டிரைவரின் தோளில் கைபோட்டு ஏதோ சொன்னார். லாரி பின்னால் நகர்ந்து, திரும்பி, போனது. அது சாலையில் மறைந்தது. வண்டிக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் பேசின.

ஜெயசிங் எதிர்க்கடையிலிருந்து எலுமிச்சம்பழமும் சூடமும் ஒரு காகிதத்தில் வாங்கிக்கொண்டு வந்தார். நான்கு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு பழமாக வைத்தார். புதிதாகப் போட்ட சக்கரத்தின் முன்னால் வைத்தபோது, ஸ்டெப்னி அந்த மஞ்சள் உருண்டையைப் பார்த்து, “இது என்ன?” என்றது. “மிதிச்சாத் தெரியும்,” என்றது பின்பக்கத்து வலது.

காற்றில் சூடம் பற்றவில்லை. ஜெயசிங் சங்கிலியின் ஜன்னலோரம் குனிந்து குனிந்து தீக்குச்சி கிழித்துக்கொண்டிருந்தார். சங்கிலி உள்ளேயிருந்தே கைகளை வெளியே நீட்டிக் குவித்துக் காற்றை மறைக்கப் பார்த்தான்.

கோமதி இறங்கிப் பின்னால் போய் டிக்கியைத் திறந்தாள். ஜெயசிங்கிடமிருந்து வாங்கி வந்த காகிதத்தில் ஒரு பழம் மிச்சமிருந்தது. அதைப் பஞ்சரான டயரின் நடுக்குழியில் வைத்து, விரிப்பை இழுத்து மூடி, டிக்கியைச் சாத்திவிட்டு, வண்டியை எடுக்க வந்தாள்.